விரித்தால் போதும் என்று நினைத்தேன்

கீழ் வீட்டு அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் மகளுக்கு மூன்று வயது. நடப்பது என்ற பழக்கமே அவளுக்குக் கிடையாது, ஓட்டம்தான். எங்களுக்கு முன்னால் இருந்தவர் தரை முழுக்க லேமினேட் பலகை போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பலகையில் குழந்தை ஓடினால் கீழே என்ன கேட்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அந்த அம்மா புகார் சொல்லி, ஒரு நாள் கட்டட மேனேஜ்மெண்ட்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. அடியில் மெத்தென்ற அண்டர்லே விரிப்புடன் கார்ப்பெட் போட்டிருக்க வேண்டும் என்று உங்கள் லீஸில் ஷரத்து இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் போடுங்கள் என்றது. லீஸை எடுத்துப் பார்த்தால் உண்மையாகவே இருந்தது. லண்டனில் ஃபிளாட் வாங்கும்போது நாம் வாங்குவது பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையைத்தான். கட்டடம் வேறொருவருடையது. அந்தக் குத்தகைப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே முழுதாகப் படித்துவிடுங்கள். தரை, செல்லப்பிராணி, பால்கனியில் துணி காயப்போடுவது எல்லாம் அதற்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கும்.

வீடு ஈஸ்ட் ஹாமில், 1967இல் கட்டிய முன்னாள் கவுன்சில் (உள்ளாட்சி) குடியிருப்புக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. மொத்தம் 28 சதுர மீட்டர் தரைதான். கடைக்காரர் போட்டுக் கொடுக்க 400 பவுண்டு கூலி கேட்டார், பழைய பலகையைப் பிரித்து எடுத்துப் போவதும் சேர்த்து. எனக்கு அது கொள்ளையாகத் தெரிந்தது. மதுரையில் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் பரணிலிருந்து பவானி ஜமுக்காளத்தை இறக்கி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி விரித்தால் முடிந்தது கதை. தரையில் துணி விரிக்கவா 400 பவுண்டு? மைத்துனன் கல்யாணத்துக்காக மனைவியும் மகளும் மூன்று வாரம் ஊருக்குப் போகிறார்கள், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கிளம்பும்போது மனைவி, “என்னங்க, ஆள வச்சே போட்டுருங்களேன்” என்றாள். யார் கேட்டது?

கார்ப்பெட்டை விரிக்கவே முடியாது, இழுத்துக் கட்ட வேண்டும் என்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் சுற்றிலும் கிரிப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் அடிப்பார்கள். ஒன்றரை மீட்டர் நீளம், அதில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஆணிகள். அந்த ஆணிகளில் ஒரு பக்கம் மாட்டி, எதிர்ச்சுவர் வரைக்கும் விறைப்பாக இழுத்து அங்கே மாட்டுவதுதான் வேலை. அந்த விறைப்பு இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் நடுவில் அலை அலையாக எழும்பிவிடும். அப்புறம் அதில் கால் தடுக்கி விழ வேண்டியதுதான்.

முதல் தவறு அளவெடுப்பதில். இங்கே கார்ப்பெட் சுருள் பெரும்பாலும் 4 மீட்டர் அல்லது 5 மீட்டர் அகலத்தில் வரும். உங்களுக்கு வேண்டிய நீளத்தை வெட்டித் தருவார்கள். என் ஹாலின் ஒரு பக்கம் 3.6 மீட்டர். இன்னொரு பக்கத்தை அளந்தேன், 3.95 வந்தது. 4 மீட்டர் சுருள் கச்சிதமாகப் பொருந்தும் என்று ஒரே சந்தோஷம். நான் டேப் பிடித்த இடத்தில் குழாய்களை மறைக்கும் மரப்பெட்டி ஒன்று 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் அறை 4.15. இது எனக்குத் தெரியவந்தது கார்ப்பெட்டை வெட்டி, அண்டர்லே போட்டு, எல்லாம் முடித்து விரித்த பிறகுதான். அறையை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். மூன்று நான்கு இடத்தில் அளந்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கும் மேலே 10 சென்டிமீட்டர் சேர்த்து வாங்குங்கள். கதவுநிலையில் கதவுக்கு அடிப்பகுதிவரை போக வேண்டும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சுருளைத் திருப்பிப் போட்டு, 4 மீட்டர் அகலத்தை 3.6 பக்கத்துக்கு வைத்து, 4.3 மீட்டர் நீளம் வெட்டச் சொல்லியிருந்தால் ஒட்டுத் துண்டே இல்லாமல் முடிந்திருக்கும். கூட ஆகியிருக்கும் செலவு 30 பவுண்டுக்குக் கீழே. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்திருக்கலாம். நடைக்கு மட்டும் மூளை வேலை செய்தது. படுக்கையறையின் அகலம் 2.9, அதற்கு வெட்டியதில் பக்கவாட்டில் மிஞ்சிய ஒரு மீட்டர் துண்டே நடைக்குச் சரியாக இருந்தது.

கடையில் முதலில் ஆக்ஸ்மின்ஸ்டர் ரகத்தைத்தான் காட்டினார்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஆக்ஸ்மின்ஸ்டர் என்ற சிற்றூரில் 1755இல் தாமஸ் விட்டி என்பவர் நெய்ய ஆரம்பித்ததிலிருந்து வரும் பெயர். தொட்டுப் பார்த்தேன், விலைச்சீட்டைப் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டேன். கம்பளி ரகங்களில் அந்துப்பூச்சித் தொல்லை வேறு உண்டு. சாம்பாரும் ரசமும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு, ப்ளீச் போட்டுத் துடைக்கலாம் என்று எழுதியிருந்த பாலிப்ரோப்பிலீன் என்ற செயற்கை இழை ரகம் போதும் என்று எடுத்தேன். சதுர மீட்டர் 13 பவுண்டு, 29 சதுர மீட்டருக்கு 377. அண்டர்லே இரண்டு சுருள் 110. கிரிப்பரும் மற்றதும் 25. அண்டர்லேயில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கீழ் வீட்டுக்குச் சத்தம் குறைவதும், காலுக்கு மெத்தென்று இருப்பதும் முக்கால்வாசி அதனால்தான். நான் 11 மில்லிமீட்டர் எடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

சனிக்கிழமை காலை கார்ப்பெட் வந்தது. டெலிவரி என்றால் வாசல்வரைக்கும், எங்கள் விஷயத்தில் கீழ்வாசல்வரைக்கும். இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். 4 மீட்டர் அகலச் சுருள் என்றால் படுக்கவைத்தால் 4 மீட்டர் நீளமான தூண் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. லிஃப்டுக்குள் போகாது. மாடிப்படித் திருப்பத்தில் வளையாது. வெளியே தூறல். ஒரு மணி நேரம் அந்தத் தூணுக்குக் காவல் இருந்தேன். கடைசியில் எதிர் வீட்டுக்காரர்தான் வந்தார். ஓய்வுபெற்ற கட்டட வேலைக்காரர், அறுபதைத் தாண்டியவர். படியிலேயே பிரித்து, அறைவாரியாக வெட்டி, மடித்து, இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஏறினோம். மடித்த மடிப்பு இன்றைக்கும் படுக்கையறை மூலையில் லேசாகத் தெரிகிறது. கடையிலேயே அறைவாரியாக வெட்டித் தரச் சொல்லுங்கள், மாடி ஏற்றுவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் நண்பர்கள் இரண்டு பேருக்குப் பிரியாணி ஆசை காட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டு லேமினேட்டைப் பிரித்திருந்தேன். அது சுலபம்தான். அடியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் சதுர டைல்கள், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். சில இடங்களில் கறுப்பாகத் தார் மாதிரி பசை. பழைய காலத்துத் தரை, கெட்டியாக இருக்கிறது, நல்லது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் படுக்கையறையில் கிரிப்பர் அடிக்க உட்கார்ந்தேன். அடியில் கான்கிரீட். ஆணி வளைந்தது, தெறித்தது. பத்து ஆணிக்கு மூன்று இறங்கியிருந்தால் அதிகம். ஒரு டைல் விரிசல் விட்டு, சில்லுகள் பெயர்ந்து வந்தன. போதாததற்கு, முதல் சுவர் முழுக்கச் சட்டத்தைத் திருப்பி அடித்திருக்கிறேன். ஆணி முனைகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், என்னுடையவை அறையைப் பார்த்து நின்றன. அப்படி இருந்தால் துணி நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கீழ் வீட்டு அம்மாவின் நிம்மதிக்காக அவர் தலைக்கு மேலேயே இரண்டு மணி நேரம் சுத்தியல் அடித்துக்கொண்டிருக்கிறோமே என்று நடுவில் சிரிப்பும் வந்தது.

ஞாயிறு காலை எதிர் வீட்டுக்காரர் வேலை எப்படிப் போகிறது என்று எட்டிப் பார்த்தார். உடைந்த டைலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னார். அறுபதுகளின் கட்டடம், ஒன்பது அங்குல டைல், கறுப்புப் பசை, இதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நிறைய வாய்ப்பு என்றார். தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழை அது. அந்த நிமிஷம் என் வயிற்றில் என்ன நடந்தது என்று எழுத வரவில்லை. முந்தின நாள் ராத்திரி அந்தத் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கி அள்ளியிருந்தேன். அதே வீட்டில்தான் என் மகள் தரையில் உருண்டு விளையாடப் போகிறாள்.

இந்த நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கும் சேர்த்து முழுத் தடை வந்தது 1999இல்தான். ஆகவே 2000க்கு முன்னால் கட்டிய எந்த வீட்டிலும் பழைய தரையைத் தொடுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். உடையாமல் இருக்கிறவரைக்கும் இந்த டைல்களால் பெரிய ஆபத்தில்லை, இழைகள் டைலுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். உடைப்பது, தேய்ப்பது, துளை போடுவது, உலர்ந்த தூசியைப் பெருக்குவது, சாதாரண வேக்குவம் போடுவது, இவைதான் கூடாதவை. நான் இதில் பாதியைச் செய்து முடித்திருந்தேன். திங்கட்கிழமை கட்டட நிர்வாகத்துக்குத் தெரிவித்தேன். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி, ஏற்கெனவே பெயர்ந்து கிடந்த சில்லையும் அதில் ஒட்டியிருந்த பசையையும் ஈரமாக்கி, இரட்டைப் பையில் கட்டி அனுப்பினேன். ஒன்றும் உடையாத தரை என்றால் மாதிரி எடுக்க நீங்கள் கைவைக்காதீர்கள், பயிற்சி பெற்றவரை வரச் சொல்லுங்கள். கட்டணம் 65 பவுண்டு. ஐந்து வேலைநாள் காத்திருப்பு. ஊரிலிருந்து வீடியோவில் மனைவி கல்யாணப் பந்தலைக் காட்டுவாள், நான் கேமராவைத் தரைப்பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்வேன். வீட்டில் சொல்லும் தைரியம் அப்போது இல்லை.

முடிவு வந்தது. டைலில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, பசையில் இல்லை. பெயர்ந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்து மூடி, மீதியை அசைக்காமல் அப்படியே வைத்து மேலே கார்ப்பெட் போடலாம் என்றார்கள். துடைத்த துணியைக்கூட வீட்டுக் குப்பையில் போடக் கூடாது, அதற்குத் தனி வழி. ஒரே முறை கொஞ்ச நேரம் தூசி பட்டதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். தேதியைக் குறித்துக்கொண்டார். அன்று ராத்திரிதான் தூக்கம் வந்தது.

ஆணிக்குப் பதில் பசை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். கான்கிரீட் தரைக்குக் கிரிப்பரை ஒட்டவென்றே கெட்டியான பசை விற்கிறார்கள். ஒட்டி ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். சுவரை ஒட்டினாற்போல் வைக்காமல், கார்ப்பெட் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விடுங்கள். ஓரத்தை மடக்கிச் செருகுவது அந்தச் சந்துக்குள்தான். அண்டர்லே சட்டத்தின் மேலே ஏறக் கூடாது, அதுவரை வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு நாள் சாயங்காலத்தில் இதெல்லாம் முடிந்தது. இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த பகுதி இதுதான்.

மூன்றாவது வார இறுதியில் இழுக்கும் படலம். இதற்கு ‘நீ கிக்கர்’ (knee kicker) என்று ஒரு கருவி, வாடகைக்குக் கிடைக்கும். ஒரு முனையில் பற்கள், மறுமுனையில் பஞ்சுத்திண்டு. பற்களைக் கார்ப்பெட்டில் பதித்து, திண்டைக் காலால் முட்டி முட்டி முன்னே தள்ள வேண்டும். முழங்கால் சில்லால் முட்டக் கூடாது, அதற்குச் சற்று மேலே தொடையின் கீழ்ப்பகுதியால் முட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெயரே முழங்கால் உதை என்றிருந்தால் மனுஷன் என்ன செய்வான்? படுக்கையறை முடியும்போது வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆனாலும் அந்த அறை வந்துவிட்டது. ஓரத்தை வெட்டும் பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டான்லி கத்தியில் ஒரே பிளேடை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழுங்கின பிளேடு கார்ப்பெட்டைப் பிய்க்கும், வழுக்கினால் விரலை வெட்டும்.

ஹாலை விரித்தபோதுதான் அந்த 15 சென்டிமீட்டர் இளித்தது. மூன்று மீட்டர் நீளத்துக்குத் தரை அப்படியே தெரிந்தது. கடைக்கு ஓடினேன். அதே ரகம், அதே நிறம், ஒரு மீட்டர் வெட்டித் தரச் சொன்னேன், 4 மீட்டர் அகலம் இருக்கிறதே, மூன்று மீட்டர் பட்டை தாராளமாகக் கிடைக்குமே என்று. 52 பவுண்டு, டெலிவரிக்கு 35, ஒட்டும் டேப்புக்கு 9. வெட்டி, டேப்பைச் சூடாக்கி ஒட்டி, நிமிர்ந்து பார்த்தால் வேறு கார்ப்பெட் மாதிரி இருக்கிறது. பட்டுப்புடவையை இந்தப் பக்கம் தடவினால் ஒரு நிறம், அந்தப் பக்கம் தடவினால் ஒரு நிறம் தெரியுமே, அதே சங்கதி. கார்ப்பெட்டின் முடி சுருளின் நீளவாட்டில் சாய்ந்திருக்கும். நான் குறுக்குவாட்டில் பட்டை வெட்டியதால் இதன் முடி ஒரு பக்கம், பழையதன் முடி ஒரு பக்கம். போதாததற்கு வேறு தடவை சாயம் போட்ட தொகுதி. ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு துண்டும் ஒரே சுருளிலிருந்து, ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒட்டும் கோடு ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழுகிற இடத்தில் வரக் கூடாது.

அதற்குமேல் ஹாலை இழுக்க என் காலில் தெம்பில்லை. இழுத்தவரைக்கும் நடுவில் இரண்டு அலை. மனைவி வர நான்கு நாள். கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு கார்ப்பெட் போடும் ஃபிட்டர் ஒருவரைக் கூப்பிட்டேன், இன்னொரு நாள் லீவும் போட்டேன். வந்தவர் இருபது வருஷமாக இதே வேலை செய்கிறவர். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்து, ஹீட்டர் போடாமல் குளிரிலேயே இழுத்தீர்களா என்றார். ஆமாம், தனியாக இருக்கும்போது எதற்குக் கேஸ் செலவு என்று போடவில்லை. அறை நீங்கள் குடியிருக்கும் சூட்டில் இருக்க வேண்டும், கார்ப்பெட்டும் ஒரு நாள் அந்தச் சூட்டில் விரிந்து கிடக்க வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டுமாம். ஹாலை மறுபடி கழற்றி, ஒட்டைப் பிரித்துச் சீராக்கி, அவர் இழுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. 180 பவுண்டு.

அவர் இருந்ததால் இன்னொரு ஆபத்தும் தப்பியது. உள்கதவுகள் கார்ப்பெட்டில் உரசினால் கழற்றி அடியில் கொஞ்சம் இழைத்துக்கொள்ளலாம், அதை நானே செய்திருந்தேன். அதே சூட்டில் வாசற்கதவையும் இழைக்க இழைப்புளியை எடுத்து வைத்திருந்தேன். அவர் பதறிவிட்டார். அடுக்குமாடியில் ஃபிளாட்டின் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவு. அடியில் இடைவெளி கூடினால் புகை புகுந்துவிடும். லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022ஆம் வருஷத்து விதிகளின்படி, 11 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களில் இந்தக் கதவுகளை ஆண்டுக்கொருமுறை சோதிக்கவும் செய்கிறார்கள். கதவை விட்டுவிட்டு, அது சுழலும் இடத்தில் மட்டும் கார்ப்பெட்டை வெட்டி எடுத்து, தாழ்வான கயிற்றுமிதியடி பதித்துக் கொடுத்தார். செருப்பு விடவும் வசதியாகப் போயிற்று.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கார்ப்பெட், அண்டர்லே, கிரிப்பர் விலை யார் போட்டாலும் ஆகியிருக்கும், அதை விட்டுவிடுவோம். கருவி வாடகை இரண்டு தடவை 44, ஏனென்றால் முதல் வாரம் வாங்கியதைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தேன். உளி, முழங்கால் பட்டை, பிளேடு, பசை 58. பட்டைத் துண்டு வகையில் 96. சோதனை 65. ஃபிட்டர் 180. ஆக 443. நானூறை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த வேலை. சோதனையை யார் போட்டாலும் செய்திருக்க வேண்டும் என்று தள்ளினால் 378. அதாவது மூன்று வாரம், இரண்டு நாள் லீவு, ஒரு முழங்கால், எல்லாம் கொடுத்து நான் சம்பாதித்தது 22 பவுண்டு. இன்னொரு வீட்டில் இந்த வேலை வந்தால் லேமினேட்டைப் பிரிப்பது, குப்பையை மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய்ப் போடுவது, கதவு இழைப்பது, இவற்றை நான் செய்வேன். சிறிய, சதுரமான படுக்கையறையைக்கூட ஒருவேளை தொடுவேன். ஒட்டு வருகிற அறையைத் தொட மாட்டேன்.

மனைவியும் மகளும் வந்த அன்று நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டதும் மனைவியின் கண் நேராக அந்தப் பட்டைக்குத்தான் போனது. “இது என்னங்க, பார்டரா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்தாள். மாமியார் கொடுத்தனுப்பிய அரிசி அப்பளம், ஊறுகாய் பாட்டில்களுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட ஜமுக்காளம் ஒன்று மடித்து வைத்திருந்தது. ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். உதறி, பட்டையின் மேல் விரித்தோம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் அதற்குள் அதன் மேல் ஓட ஆரம்பித்திருந்தாள்.